எழுத்துபூர்வக் கேள்வி: அமைச்சிடமிருந்து பதிவான பதிலைப் பெறும் வழி

நாடாளுமன்றம் என்றதும் தொலைக்காட்சியில் வரும் வாக்குவாதம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். ஆனால் ஓர் அமைச்சு எத்தனை பேரின் விண்ணப்பத்தை மறுத்தது, எந்த விதியை எத்தனை ஆண்டுகளாக மாற்றாமல் வைத்திருக்கிறது, எந்தக் கணக்கை எடுக்கவே இல்லை என்பன போன்ற விவரங்கள் பெரும்பாலும், உறுப்பினர்களின் கேள்விகளுக்கு அமைச்சர்கள் எழுத்தில் தரும், அவையில் யாரும் வாசிக்காத பதில்களில்தான் கிடைக்கின்றன.

சிங்கப்பூரில் இவற்றுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி எந்தக் குடிமகனும் அரசு அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். இங்கே அப்படியொரு தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லை. அமைச்சு தானாக வெளியிடாத ஒரு புள்ளிவிவரம் வேண்டுமென்றால், அதிகாரபூர்வமாகக் கேட்டுப் பதிவில் ஏற்ற இருக்கும் நம்பகமான வழி நாடாளுமன்ற உறுப்பினரின் கேள்விதான். அதனால் அந்தக் கேள்வியை எப்படி எழுதுகிறோம் என்பது நம் எல்லோருக்கும் உரிய விஷயம். உறுப்பினர்களுக்கு உதவும் தொண்டூழியர்களையும், தங்கள் குறை, உறுப்பினர் தொகுதி மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சியோடு முடங்கிவிடக் கூடாது என்று நினைக்கும் குடியிருப்பாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

யார் கேட்கலாம், எத்தனை கேட்கலாம்

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தொகுதியில்லா உறுப்பினர்கள் (தோற்றாலும் அதிக வாக்கு பெற்றதால் இடம்பெறும் எதிர்க்கட்சியினர்), கட்சி சாராத நியமன உறுப்பினர்கள் என மூவகை உறுப்பினர்களும் கேட்கலாம். ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தால் அதை வழிமொழிய இன்னொருவர் தேவை. கேள்விக்கு அது தேவையில்லை. 1981 ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற ஜே. பி. ஜெயரத்தினம், 1984 தேர்தல் வரை அவையில் ஒரே எதிர்க்கட்சி உறுப்பினராக இருந்தார். அப்படித் தனியாக இருப்பவருக்கும், எவருடைய ஆதரவையும் எதிர்பார்க்காமல் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கக் கேள்வியால் முடிகிறது.

ஓர் அமர்வுக்கு ஓர் உறுப்பினர் ஐந்து கேள்விகள் வரை கொடுக்கலாம். அவற்றில் மூன்றுக்கு மட்டுமே வாய்மொழிப் பதில் கேட்கலாம். அமர்வுக்கு ஏழு முழு நாட்கள் முன்னதாகவே கேள்வி போய்ச் சேர வேண்டும். கொடுக்கும் நாளும் அமர்வு நாளும் அந்த ஏழில் சேராது. அமர்வுகள் பொதுவாக மாதம் ஒருமுறை, சில நாட்களுக்கு நடக்கும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் ஆண்டு முழுவதும் ஒருவர் கேட்கக்கூடிய கேள்விகள் அப்படியொன்றும் அதிகமில்லை. ஐந்தில் ஒன்றை வீணடித்தால் அடுத்த அமர்வுவரை காத்திருக்க வேண்டும்.

முதல் படி: புகாரிலிருந்து கேள்வியைப் பிரித்தெடுப்பது

மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு வருபவர் தன் பிரச்சினையோடு வருகிறார். ஈசூனில் ஓர் இந்தியக் குடும்பம் வீட்டை விற்க முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எவ்வளவு வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி, அவர்கள் புளோக்கில் சீனருக்கான வரம்பு எட்டப்பட்டுவிட்டதால், சீனருக்கு விற்க முடியவில்லை. வாங்க வரும் மற்ற இனத்தவரோ குறைவு, விலையும் குறைத்தே கேட்கிறார்கள். உறுப்பினர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துக்கு (வீவக) கடிதம் எழுதுவார். அது அந்தக் குடும்பத்துக்கான வேலை.

இந்தக் குடும்பத்தைப் போல எத்தனை குடும்பங்கள், எத்தனை பேர் மேல்முறையீடு செய்தார்கள், எத்தனை பேருக்கு விலக்கு கிடைத்தது, எந்த அளவுகோலை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்பதே நாடாளுமன்றக் கேள்விக்கான வேலை. 1989 மார்ச் முதல் நடப்பில் இருக்கும் இந்தக் கொள்கையைப் பற்றிப் பல உறுப்பினர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டிருக்கிறார்கள். 2022 மார்ச்சில், இந்த வரம்பால் விற்கச் சிரமப்படும் தகுதிபெற்ற உரிமையாளர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. கேள்விகளால்தான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் தனித்தனிக் குடும்பங்களின் சிரமம் ஒரு தொகையாக, கொள்கையின் பக்கவிளைவாகப் பதிவில் ஏறியிராவிட்டால், அதற்குத் தீர்வு கேட்டு யாரும் எதைக் காட்டி வாதிட்டிருக்க முடியும்?

எனவே எழுத உட்காரும் முன் ஒரே ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: பதில் வந்ததும் என் கையில் என்ன இருக்க வேண்டும்? ஓர் எண்ணா, ஒரு தேதியா, ஒரு முடிவுக்கான அடிப்படையா, யார் பொறுப்பு என்ற தெளிவா? அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் விஷயம் இன்னும் கேள்வியாகப் பழுக்கவில்லை.

இரண்டாம் படி: ஏற்கெனவே சொல்லப்பட்டதைத் தேடுவது

அவையில் பேசியதையும் பதில்களையும் பதியும், ஹன்சார்ட் எனப்படும் அதிகாரபூர்வ அறிக்கை 1955 சட்டமன்றக் காலத்திலிருந்து நாடாளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது. சொல்லைக் கொடுத்துத் தேடலாம். அமைச்சுகளும் தங்கள் பதில்களைத் தங்கள் தளங்களில் போடுகின்றன. புள்ளிவிவரத் துறையின் அட்டவணைகளையும், ஆண்டுதோறும் வரும் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கையையும் பாருங்கள்.

இந்தப் படியை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். எளிதில் கிடைக்கும் ஆவணங்களில் உள்ளதைக் கேட்கக் கூடாது, அதே கூட்டத்தொடரில் முழுமையாகப் பதிலளிக்கப்பட்டதை மறுபடி கேட்கக் கூடாது என்பவை அவையின் நிலையான விதிகள். அது மட்டுமில்லை. மூன்று ஆண்டுக்கு முன் ஓர் அமைச்சர் ‘பரிசீலிக்கிறோம்’ என்று சொல்லியிருந்தால், உங்கள் கேள்வி எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தப் பழைய பதிலே காட்டிவிடும். அந்தப் பரிசீலனை முடிந்ததா, முடிவு என்ன என்று கேட்டாலே போதும். புதிதாக ஒன்றையும் நிறுவ வேண்டியதில்லை.

மூன்றாம் படி: எழுத்தா, வாய்மொழியா

வாய்மொழிக் கேள்விக்கு ஒரு பெரிய பலன் உண்டு: அமைச்சர் பதில் சொன்னதும் துணைக் கேள்வி கேட்கலாம். எழுத்துபூர்வக் கேள்விக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் கேள்வி நேரம் ஒன்றரை மணிதான். பட்டியலில் கீழே இருக்கும் கேள்விகளின் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அப்படி மிஞ்சியவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், அல்லது உறுப்பினர் அவற்றை வேறோர் அமர்வுக்குத் தள்ளிவைக்கலாம்.

என் கருத்தில், ஐந்தாண்டு எண்கள், வட்டாரவாரியான பிரிப்பு, அட்டவணை ஆகியவற்றை எழுத்தில் கேட்பதே நல்லது. வாய்மொழியில் ஓர் அமைச்சர் அட்டவணையை வாசிக்க மாட்டார். ஒரு சராசரியைச் சொல்லிவிட்டுக் கொள்கை விளக்கத்துக்குப் போய்விடுவார். அமைச்சரின் நிலைப்பாட்டை அழுத்திக் கேட்க வேண்டும் என்றால் வாய்மொழி. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவது இன்னும் நல்லது: இந்த மாதம் எழுத்தில் எண்ணை வாங்கிக்கொண்டு, அடுத்த அமர்வில் அந்த எண்ணைக் கையில் வைத்து வாய்மொழியில் காரணத்தைக் கேட்பது.

நான்காம் படி: எந்த அமைச்சர்

இது பார்க்கச் சின்ன விஷயம். வீவக பற்றியது தேசிய வளர்ச்சி அமைச்சருக்கு, மத்திய சேமநிதி பற்றியது மனிதவள அமைச்சருக்கு. ஆனால் லாரியின் பின்புறத்தில் ஊழியர்களை ஏற்றிச் செல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். வாகன விதிகள் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம், அதாவது போக்குவரத்து அமைச்சின் கீழ். விபத்தை விசாரிப்பது போக்குவரத்துக் காவல்துறை, அது உள்துறை அமைச்சு. முதலாளிகளின் கடமை மனிதவள அமைச்சின் பொறுப்பு. தவறான இடத்துக்குப் போனால் கேள்வி வேறு அமைச்சுக்கு மாற்றப்படலாம். மாறும்போது, நீங்கள் கேட்ட ஒரு பகுதி அந்த அமைச்சின் வரம்புக்கு வெளியே விழுந்துவிடக் கூடும். தேவைப்பட்டால் இரண்டு அமைச்சர்களுக்கு இரண்டு தனிக் கேள்விகள் கொடுங்கள்.

ஐந்தாம் படி: சொற்கள்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வரும் பதில் கேள்வியை விடத் துல்லியமாக இருக்காது.

லாரிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். அதில் போகிறவர்களில் நம்முடைய தமிழ்நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர். கோபம் வருவது இயல்பு. அந்தக் கோபத்தோடு எழுதினால் இப்படி வரும்: ‘ஊழியர்களைச் சரக்கைப் போல ஏற்றிச் செல்லும் இந்த ஆபத்தான வழக்கத்தைத் தடைசெய்ய அரசாங்கம் ஏன் இன்னும் தயங்குகிறது?’

இது இப்படியே ஏற்கப்படாது. வாதம், அனுமானம், சொந்தக் கருத்து, அடைமொழி, கிண்டல் எதுவும் கேள்வியில் இருக்கக் கூடாது என்பது விதி. தேவையில்லாமல் தனிநபர் பெயரைச் சேர்க்கக் கூடாது. நீதிமன்ற விசாரணையில் இருப்பதைக் கேட்கக் கூடாது. ‘ஒருவேளை இப்படி நடந்தால்’ என்ற கற்பனைக்குப் பதில் கேட்கக் கூடாது. செய்தித்தாளில் வந்தது உண்மையா என்றும் கேட்க முடியாது. இவற்றில் இறுதி முடிவு நாடாளுமன்ற நாயகருடையது. விதியை விடுங்கள், அந்தக் கேள்வி அப்படியே போனாலும் என்ன பதில் வரும்? பாதுகாப்பை அரசாங்கம் முக்கியமாகக் கருதுகிறது என்று தொடங்கும் ஒரு பத்தி. ‘ஏன் தயங்குகிறது’ என்பதற்கு ‘தயங்கவில்லை’ என்பது போதுமான பதிலாகிவிடும்.

இப்போது இப்படி எழுதிப் பாருங்கள்:

போக்குவரத்து அமைச்சரைக் கேட்பது: கடந்த ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும், (அ) லாரியின் பின்புறத்தில் பயணம் செய்தபோது விபத்தில் காயமடைந்தவர்கள் எத்தனை பேர், உயிரிழந்தவர்கள் எத்தனை பேர், (ஆ) அவர்களில் வொர்க் பெர்மிட் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர், (இ) ஆட்களை ஏற்றுவதற்கான விதிகளை மீறியதற்காக நடவடிக்கைக்கு உள்ளான நிறுவனங்கள் எத்தனை?

ஒவ்வொரு பகுதிக்கும் பதில் ஓர் எண். ‘ஒவ்வோர் ஆண்டும்’ என்ற சொல் இல்லாவிட்டால் ஐந்தாண்டுச் சராசரி ஒன்று வரும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரியாமல் போகும். ‘காயமடைந்தவர்கள், உயிரிழந்தவர்கள்’ என்று பிரிக்காவிட்டால் இரண்டும் சேர்ந்த ஒரு தொகை வரும். காலத்தையும் பிரிவையும் எழுத மறந்தால் அவற்றைப் பதில் எழுதும் அதிகாரி தேர்ந்தெடுப்பார்.

எண்ணைக் கேட்டதும் அடுத்து அரசாங்கம் சொல்லும் காரணத்தின் அடிப்படையைக் கேளுங்கள். தடை வந்தால் சிறிய, நடுத்தர நிறுவனங்கள் பல தாக்குப்பிடிக்காது என்பது இந்த விஷயத்தில் சொல்லப்பட்டுவரும் காரணங்களில் ஒன்று. அந்தக் காரணத்தோடு சண்டை போடத் தேவையில்லை. அப்படியோர் ஆய்வு செய்யப்பட்டதா, எந்த ஆண்டில், எத்தனை நிறுவனங்களைக் கேட்டார்கள், முடிவை வெளியிட முடியுமா என்று இன்னொரு கேள்வி கொடுக்கலாம். ஆய்வு இருந்தால் அது பொதுமக்கள் பார்வைக்கு வரும். இல்லையென்றால், இல்லை என்பது ஹன்சார்டில் ஏறும்.

பிரிவு ஏன் முக்கியம் என்பதற்கு 2020 ஜனவரியில் நடந்ததைச் சொல்லலாம். வேலைவாய்ப்பு விவரங்களில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ‘உள்ளூர்வாசிகள்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வருவார்கள். எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சியின் பிரித்தம் சிங் அதைக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் என்று பிரித்துக் கேட்டார். எண்களைத் தரலாம், ஆனால் இந்தக் கேள்வியின் நோக்கம் என்ன என்று அப்போதைய வர்த்தக, தொழில் அமைச்சர் சான் சுன் சிங் திருப்பிக் கேட்டார். அந்தப் பரிமாற்றம் பல நாட்கள் பேசப்பட்டது. ஒரு தலைப்பைப் பிரிக்கச் சொல்வதே எவ்வளவு கனமான கேள்வியாக முடியும் என்பதை அதில் பார்த்தோம்.

நேரடியான, சின்னக் கேள்வியின் வலிமைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு அடுத்த ஆண்டே வந்தது. 2021 ஜனவரி 4ஆம் தேதி, மக்கள் செயல் கட்சியின் கிறிஸ்டஃபர் டி சூசா, கொவிட்-19 தொற்றுக்காலத்தில் யார் யாருடன் இருந்தார்கள் என்பதைப் பதிந்த டிரேஸ்டுகெதர் திட்டத்தின் தரவு குற்றவியல் விசாரணைக்குப் பயன்படுத்தப்படுமா, அதற்கான சட்ட விதிகளும் பாதுகாப்புகளும் என்ன என்று கேட்டிருந்தார். அடைமொழியோ குற்றச்சாட்டோ இல்லாத கேள்வி. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்று உள்துறைத் துணை அமைச்சர் டெஸ்மண்ட் டான் பதிலளித்தார். தொடர்புத் தடமறிதலுக்கு மட்டுமே அது பயன்படும் என்று 2020இல் மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. மறுநாள் அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன், முன்பு அப்படிச் சொன்னபோது அந்தச் சட்டத்தைத் தாம் யோசிக்கவில்லை என்று அவையில் விளக்கினார். பிப்ரவரி தொடக்கத்திலேயே, ஏழு வகைக் கடும் குற்றங்களின் விசாரணைக்கு மட்டுமே அந்தத் தரவைப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும் சட்டம் நிறைவேறியது. கேட்டவர் ஆளுங்கட்சி உறுப்பினர் என்பதைக் கவனியுங்கள். கணக்குக் கேட்பது எதிர்க்கட்சியின் வேலை மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. கேள்விக்குள் ஒரு தகவலைச் சொன்னால் அதற்கு உறுப்பினரே பொறுப்பு. அவையில் பேசுவதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆனால் பொய்யான தகவலுக்கு அவையே தண்டிக்கும். பாட்டாளிக் கட்சி உறுப்பினராக இருந்த ரயீசா கான் 2021இல் தம் உரையில் உண்மையல்லாத ஒரு சம்பவத்தைச் சொன்னதற்காக 2022 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அவருக்கு 35,000 வெள்ளி அபராதம் விதித்தது. குடியிருப்பாளர் சொன்ன கதையைச் சரிபார்க்காமல் கேள்வியில் வைக்காதீர்கள்.

ஆறாம் படி: பதிலைப் படிப்பது

பதில் வந்ததும் ஒரு தாளில் இடப்பக்கம் (அ), (ஆ), (இ) என்று உங்கள் பகுதிகளை எழுதி, வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் கிடைத்ததை எழுதுங்கள். ஒரே விஷயத்தைப் பல உறுப்பினர்கள் கேட்டால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில் வரும். அதில் உங்கள் (இ) காணாமல் போயிருந்தால் இப்படிச் செய்தால்தான் கண்ணில் படும்.

எண் கேட்ட இடத்தில் விழுக்காடு வந்திருக்கிறதா? ‘மிகச் சிலரே’, ‘பெரும்பாலோர்’ என்று வந்திருக்கிறதா? ஐந்து ஆண்டு கேட்டதற்கு மூன்று ஆண்டு வந்திருக்கிறதா? இவற்றையெல்லாம் உடனே ஏமாற்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில நேரம் அமைச்சிடம் அந்த விவரம் அப்படித்தான் இருக்கும், சிறிய எண்களை வெளியிட்டால் தனிநபர் அடையாளம் தெரிந்துவிடும் என்ற கவலையும் நியாயமானதே. ஆனால் எந்தக் காரணம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி அதுதான்.

‘அந்த விவரத்தை நாங்கள் சேகரிப்பதில்லை’ என்ற பதிலைப் பார்த்துப் பலர் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது மிக உபயோகமான பதில்களில் ஒன்றாகப் படுகிறது. ஒரு பிரச்சினை இல்லை என்று சொல்லும் அமைச்சு, அதை அளக்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. இனி சேகரிக்கத் திட்டமுண்டா, இல்லையென்றால் கொள்கை பலன் தருகிறது என்பதை எதை வைத்து மதிப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள்.

ஏழாம் படி: விடாமல் தொடர்வது

ஒரு கேள்வியில் எதுவும் முடிவதில்லை. ‘உரிய நேரத்தில் அறிவிப்போம்’ என்ற பதிலின் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தத் தேதியைச் சுட்டிப் புதிய கேள்வி கொடுங்கள். ஒரே எண்ணை ஆண்டுதோறும் அதே சொற்களில் கேட்டு வாங்கினால், சில ஆண்டுகளில் யாரும் வெளியிடாத ஒரு தொடர் அட்டவணை உங்கள் கையில் இருக்கும். சொற்களை மாற்றினால் ஒப்பிட முடியாமல் போய்விடும், அதனால் பழைய வாசகத்தை அப்படியே எடுத்து எழுதுங்கள்.

கையில் சேர்ந்த பதில்களுக்கு வேறு மேடைகளும் இருக்கின்றன. அமர்வு முடியும்போது வரும் ஒத்திவைப்புத் தீர்மானத்தில் உறுப்பினர் இருபது நிமிடம் பேசலாம், அமைச்சருக்குப் பத்து நிமிடம். வரவுசெலவுத் திட்டத்தை ஒட்டி ஒவ்வோர் அமைச்சின் செலவையும் விவாதிக்கும்போதும் இந்த எண்கள் உதவும். எழுத்துபூர்வப் பதில்களோடு அங்கே எழுபவரின் பேச்சில் கனம் இருக்கும், ஏனென்றால் அவர் மேற்கோள் காட்டுவது அமைச்சின் சொந்த வார்த்தையை.

குடியிருப்பாளர் செய்யக்கூடியது

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மட்டும்தான் போக வேண்டும் என்பதில்லை. அந்தத் துறையில் அக்கறை காட்டும் நியமன உறுப்பினருக்கோ, தொகுதியில்லா உறுப்பினருக்கோ மின்னஞ்சல் அனுப்பலாம். ஏழு நாள் விதியை நினைவில் வைத்து, அமர்வுக்கு மூன்று வாரமாவது முன்னதாக அனுப்புங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். என்ன நடந்தது என்று மூன்று வரி, இதேபோல் வேறு யாருக்கு நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தது, ஹன்சார்டில் நீங்கள் கண்ட பழைய பதிலின் தேதி, அப்புறம் நீங்களே எழுதிய கேள்வி வாசகம், (அ), (ஆ) என்று பிரித்து. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலோர் அனுப்புவதில்லை. அதை அனுப்புகிறவரின் கடிதம் உறுப்பினருக்கு உதவும் தொண்டூழியருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். தமிழில் எழுதத்தான் வருமென்றால் தமிழிலேயே எழுதுங்கள். அவையில் பேசவே அரசியலமைப்பு அனுமதிக்கும் நான்கு மொழிகளில் ஒன்று அது. உறுப்பினருக்குத் தமிழ் தெரியாவிட்டால் ஒரு தொண்டூழியர் மொழிபெயர்த்துக் கொடுப்பார்.

கடிதம் அனுப்பிய பிறகு, அமர்வுக்கு முன்பு நாடாளுமன்றத் தளத்தில் வரும் அலுவல் பட்டியலைப் பாருங்கள். உங்கள் கேள்வி எழுத்துபூர்வப் பதிலுக்கான பகுதியில் இருக்கிறதா, எந்த வாசகத்தோடு இருக்கிறது என்று தெரியும். வாசகம் மாறியிருந்தால் ஏன் என்று உறுப்பினரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். பதில் வெளிவந்ததும் அதை உங்களைப் போல் பாதிக்கப்பட்ட மற்றவர்களுக்கு அனுப்புங்கள். அவர்களில் யாராவது ஒருவர், ‘எனக்கு நடந்தது இந்தப் பதிலோடு பொருந்தவில்லையே’ என்று சொன்னால், அவர் சொல்வதை ஆவணத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கேள்வியின் (அ) அங்கிருந்து வரும்.